பூ தூவும்போது பார்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கட்டுப் பிரித்த கையோடு, "டிவி ஏண்டா இவ்வளவு மங்கலா இருக்கு" என்று கேட்டார்களாமே! இத்தனை நாள் கண்ணைக் குறை சொன்னாய், இனிமேல் டிவியை மாற்றாமல் உன்னால் தப்ப முடியாது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் வளைகாப்புக்காக வந்திருக்கிறாள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கோட்டையைச் சுற்றி நடப்பதை விட்டுவிட்டேன், தெருமுனை வரைதான். வெயிலைப் பற்றி ஆரணிக்காரனுக்கு நான் என்ன எழுத?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 43 அங்குல டிவி வாங்கினால் எச்டி பேக் போட வேண்டுமா, எந்தச் சேனல் பளிச்சென்று தெரியும் என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டு மாடியில் இருப்பது ஒரு கம்பெனியின் டிஷ், கீழே குடியிருப்பவருடையது வேறு கம்பெனி. ஒரே நேரத்தில் இரண்டிலும் ஒரே சேனலை வைத்துவிட்டு மேலும் கீழும் போய் ஒப்பிட்டுப் பார்ப்பது ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. முழங்கால் வலிக்கு இதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறாள். பார்த்த வரையில் சொல்கிறேன்: திரை மூலையில் எச்டி என்று போட்டிருப்பதற்கும் படம் தெளிவாக இருப்பதற்கும் நீ நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை.

கணக்கைப் பார். சாதாச் சேனலில் படம் 576 வரி, வரிக்கு 720 புள்ளி. எச்டியில் 1080 வரி, வரிக்கு 1920 புள்ளி. பெருக்கினால் ஐந்து மடங்கு. ஆனால் நம் கண்ணுக்கும் ஓர் அளவு உண்டு. 43 அங்குலத் திரையில் 1080 வரியும் தனித்தனியாகப் பிடிபட வேண்டுமென்றால் ஐந்தரை அடி தூரத்துக்குள் உட்கார வேண்டும். பத்தரை அடி தாண்டிவிட்டால் 576 வரிக்கும் 1080 வரிக்கும் கண்ணால் வித்தியாசம் காண்பதே கஷ்டம். உன் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் சாய்வு நாற்காலி எதிர்ச் சுவரோரம் கிடக்கும், அது பன்னிரண்டு அடியாவது இருக்குமே. அங்கிருந்து பார்த்தும் எச்டி தெளிவாகத் தெரிகிறது என்றால் அதற்கு வரிக்கணக்கு காரணம் இல்லை. படத்தை எவ்வளவு நசுக்கி அனுப்புகிறார்கள் என்பதுதான் காரணம்.

ஸ்டூடியோவில் சுருக்காத எச்டி படத்துக்கு நொடிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஜிகாபிட், அதாவது ஆயிரத்தைநூறு மெகாபிட் தகவல் வேண்டும். நம் டிஷ்ஷுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து மெகாபிட்தான். நூற்றைம்பதில் ஒரு பங்கு, சில சமயம் முந்நூறில் ஒரு பங்கு. மீதியை எப்படி மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அனுப்ப ஒன்றும் பெரிதாக இல்லை. கோபுரத்திலிருந்து பூ தூவினால் ஒவ்வொரு இதழும் புதுச் சமாச்சாரம். அப்போதுதான் சாயம் வெளுக்கும்.

இன்னொன்று, சேட்டிலைட்டில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர், அது ஒன்றின் வழியாகப் போகக்கூடியது இப்போதைய முறையில் நொடிக்குச் சுமார் 60 மெகாபிட். அதை அதிலுள்ள சேனல்கள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரி மதகில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, அந்த நொடியில் யாருக்குத் தேவை அதிகமோ அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடும் ஏற்பாடு உண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வந்தால் கடைமடைக்காரன் பாடு திண்டாட்டம்தான். டிடிஎச் கம்பெனிகள், அதாவது இந்த டிஷ் கம்பெனிகள், சேனலின் மூலச் சிக்னலைத் தாங்கள் வாங்கி, மறுபடி சுருக்கித்தான் நமக்கு அனுப்புகின்றன. அதனால்தான் மாடியில் ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் அதே சேனல் தெரிகிறது. எந்தச் சேனல் நல்லது என்று நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாததும் இதனால்தான்.

போன கார்த்திகைக்குத் திருவண்ணாமலை தீபத்தை இரண்டு டிவியிலும் பார்த்தேன். (நாம் படித்த காலத்தில் அதுவும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான், 1989-இல்தானே பிரித்தார்கள்.) படத்தைச் சோதிக்க அதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது. மாலை ஆறு மணி, வெளிச்சம் இறங்குகிற நேரம். கீழே தலையா கடலா என்று தெரியாத கூட்டம், நடுவில் கற்பூரப் புகை, மேலே இருட்டு வானத்தில் மலை உச்சியில் ஒரு சுடர். இதில் எதையுமே சுருக்குவது லேசில்லை. ஒரு டிவியில் புகை புகையாகவே இருந்தது. இன்னொன்றில் வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரிந்தது, கூட்டம் கட்டம் கட்டமாக உடைந்தது. இரண்டு மூலையிலும் எச்டி என்றுதான் போட்டிருந்தது!

ஆகவே டிவி வாங்கப் போகும்போது கடைக்காரர் பென் டிரைவில் ஓட்டிக் காட்டும் கிளியையும் பூவையும் பார்த்து மயங்காதே. அது கடைக்காகவே தயாரித்த படம், எந்தச் சேனலும் அப்படி வராது. கடையில் டிஷ் இணைப்பு இருந்தால் கிரிக்கெட் போடச் சொல். கேமரா பந்தோடு ஓடும்போது புல் புல்லாகத் தெரிகிறதா, பச்சைச் சாயம் பூசின தரை மாதிரி வழுக்குகிறதா என்று பார். ஜரிகைக் கரையில் இழை பிசகினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நீ, உனக்கு இது கஷ்டமே இல்லை.

பழைய படங்கள் விஷயம் தனி. அம்மா பார்ப்பது அதுதானே, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அந்தக் காலத்து 35 மில்லிமீட்டர் பிலிமில் எச்டிக்கு மேலேயே விவரம் இருக்கிறது. நெகட்டிவை எடுத்துப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படம் நேற்று எடுத்த சீரியலைவிடத் துல்லியமாக இருக்கும். ஆனால் சாதா டிவி காலத்தில் டேப்பில் ஏற்றி வைத்ததையே இழுத்துப் பெரிதாக்கி எச்டி சேனலில் விட்டால், காசு கொடுத்து மங்கலைப் பார்க்கிறாய் என்று அர்த்தம். சன் டிவி எச்டி வந்தது 2011 டிசம்பரில், விஜய் எச்டி 2016-இல். அதற்கு ரொம்ப முந்தைய சீரியலையும் காமெடி நிகழ்ச்சியையும் மறுஒளிபரப்புச் செய்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. அம்மா அதைக் குறை என்று நினைக்கப் போகிறார்கள். திரை நிறைய வேண்டுமென்று ரிமோட்டில் இழுத்துவிட்டால் கதாநாயகிக்குக் கன்னம் வீங்கிவிடும். சினிமாஸ்கோப் படத்துக்குப் பட்டை மேலும் கீழும் வரும். முன்னெல்லாம் சதுர டிவிக்காகப் பக்கங்களை வெட்டிவிடுவார்களே, இரண்டு ஓரத்தில் நின்று இரண்டு பேர் சண்டை போட, நடுவில் தூண் மட்டும் தெரியுமே, அந்தக் கொடுமை இப்போது இல்லை.

அம்மா அந்த 14 அங்குல டிவியோடு ஒப்பிட்டாலும் ஆச்சரியப்படாதே. 2006-இல் அரசு கொடுக்க ஆரம்பித்தது அது. அதில் எல்லாமே பளிச்சென்றுதான் இருந்தது, சின்னத் திரையில் 576 வரி தாராளம். அந்தப் படத்தையே 43 அங்குலத்துக்கு விரித்தால் ஓட்டை ஒடிசல் எல்லாம் வெளியே வரும்.

பேக் எடுத்தால் ஒன்று மறக்காதே. எச்டி பாக்ஸை வாங்கிவிட்டு, மஞ்சள் சிவப்பு வெள்ளை மூன்று முனை வயரிலேயே செருகி வைத்திருக்கும் வீடுகள் இந்தத் தெருவிலேயே உண்டு. அதில் எச்டி வரவே வராது, எச்டிஎம்ஐ வயர்தான் வேண்டும். டிவி செட்டிங்கில் படத்தை 'மூவி' என்கிற இடத்தில் வை, ஷார்ப்னெஸ்ஸைக் குறை. கடையில் வைத்திருந்தபடியே விட்டால் எல்லோர் முகமும் சாயம் பூசின மாதிரி இருக்கும்.

பணம் என்று பார்த்தால், 2019 பிப்ரவரிக்குப் பிறகு சேனலைத் தனித்தனியாகவே எடுக்கலாம். அப்போது வந்த விதியில், இணைப்புக் கட்டணக் கணக்குக்கு ஓர் எச்டி சேனலை இரண்டு சாதாச் சேனலாக எண்ணினார்கள். ஆகவே மொத்த எச்டி பேக் வேண்டாம். அம்மாவுக்குப் படச் சேனல் ஒன்று, உனக்குக் கிரிக்கெட் ஒன்று, வேண்டுமானால் சீரியலுக்கு ஒன்று. செய்திக்கு எச்டி எதற்கு? உட்கார்ந்து பேசுகிறவர்களைச் சாதாவிலேயே பார்க்கலாம்.

டிஷ் பொருத்த வருகிறவரிடம் தென்கிழக்குப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல். உன் கம்பெனியின் சேட்டிலைட் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பது என்றால், அது நமக்கு அந்தத் திசையில்தான், நல்ல உயரத்தில் இருக்கிறது. உன் வீட்டுத் தென்னை ஓலை அந்தப் பக்கம்தானே சாய்ந்திருக்கிறது? ஓலை குறுக்கே வந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் படம் நிற்கும். மழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. டிடிஎச் சிக்னலின் அலை நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கோடை மழையின் பெரிய துளிகள் அதை உறிஞ்சிவிடும். பழைய ஆன்டெனா மாதிரி பொரிப்பொரியாகத் தெரிந்து பிறகு போகாது. நல்லா இருக்கும், கட்டம் கட்டமாகும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. மழை விட்டால் தானாக வந்துவிடும், அதற்காக ஆள் கூப்பிட்டுக் காசு கொடுக்காதே.

வாங்குவதற்கு முன்னால் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே டேப் வைத்து அளந்து எழுது. பன்னிரண்டு அடி இருந்தால் 43 போதாது, 55 பார்க்கலாம், இல்லையென்றால் நாற்காலியை முன்னால் இழு. அம்மா எதற்கு ஒத்துக்கொள்வார்கள் என்று நீதான் கேட்க வேண்டும்.

வளைகாப்புக்குப் பச்சை உடம்பும் அரக்குக் கரையும் போட்ட பட்டு ஒன்று பார்த்து வை. விலையைத் தங்கச்சியிடம் கேட்டுச் சொல், நீ சொன்னால் காசு வாங்க மாட்டாய்.

அன்புடன்,
பழனி