பினாங்குச் சாப்பு

என் அருமை மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. காலையில் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பாப்பா கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன். ஜூன் கடைசியில் நீங்கள் வந்ததும் எல்லோரும் கப்பலில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போகப் போகிறோமே, ஒவ்வொரு ஊரிலும் அவள் பாஸ்போர்ட்டில் முத்திரைச் சாப்பு குத்துவார்களா என்று கேட்டாள். "குத்துவாங்கடா கண்ணு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போனை வைத்ததிலிருந்து மனசு உறுத்துகிறது. அநேகமாக ஒரு சாப்பும் விழாது. அவள் ஆசையை வளர்த்துக்கொள்வதற்கு முன்னால் நீ பக்குவமாகச் சொல்லிவிடு.

எப்படித் தெரியும் என்கிறாயா? போன டிசம்பரில் நானும் அப்பாவும் போன கப்பலில் நானே பட்ட ஏமாற்றம் இது. உன்னிடம் சொல்லவில்லை.

தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் உனக்கு ஞாபகம் இருக்கும். பீரோவின் மேல்தட்டில், பாட்டியின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். 1958இல் ஊருக்குப் போய்ப் பாட்டியைக் கட்டிக்கொண்டு ரஜூலா கப்பலில் திரும்பி வந்தார் அல்லவா, அந்தப் பயணத்தின் சாப்புகள் அதில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஏறியதற்கு ஒன்று. ஊதா மசி, ஓரமெல்லாம் பரவி, தேதி மட்டும் கோணலாக நிற்கும். எதிர்ப்பக்கத்தில் சிங்கப்பூரில் இறங்கியதற்கு ஒன்று. அது பளிச்சென்று இருக்கும். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தை விட்டால் அடுத்து பினாங்கு, அப்புறம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போது போர்ட் கிள்ளான்), கடைசியில் சிங்கப்பூர். ஏறக்குறைய ஒரு வாரம். தாத்தா டெக் பாசஞ்சர். பாயை விரித்து, தகரப்பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொண்டு வந்ததை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பினாங்கில் கப்பல் நின்றபோது கீழே இறங்க விடவில்லை, மேல்தட்டில் நின்று ஊரைப் பார்த்ததோடு சரி என்பார். 1926இல் கட்டிய கப்பல் அது. 1973 வரை நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தே நின்றுபோனது.

தாத்தா இறங்க முடியாத பினாங்கில் நான் இறங்கி, அந்த ஊர்ச் சாப்பு ஒன்றை என் பாஸ்போர்ட்டில் வாங்கி வந்து அவருடையதோடு வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. சிங்கப்பூரில் மரீனா பே குரூஸ் சென்டரில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நம் ஊரில் நமக்குச் சாப்பு கிடையாது என்பது தெரிந்ததுதான். தானியங்கிக் கதவு திறக்கிறது, போய்விடுகிறோம். நீ வெளிநாட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் போனாய்.

பினாங்கில் கப்பலை ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டினார்கள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வேறு, இது பினாங்கிலேயே இருக்கிற துறை. படி இறங்கி நடந்தால் ஜார்ஜ் டவுன், அவ்வளவு பக்கம். வெளியே போகும் வழியில் கப்பல் அட்டையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். அதற்கு அடுத்து ஒரு கவுண்டர், அங்கே ஒரு மலாய்த் தம்பி. நான் பாஸ்போர்ட்டை நீட்டி, எனக்குத் தெரிந்த மலாயில், "என்சிக், போலே சாப்?" (ஐயா, சாப்பு குத்த முடியுமா?) என்றேன். சிரித்துவிட்டு, கப்பல் பயணிகளுக்கு வேண்டியதில்லை, மக்சிக் (அத்தை) போகலாம் என்று கையைக் காட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார். பின்னால் நீளமான வரிசை. நான் பாஸ்போர்ட்டை மறுபடியும் உறைக்குள் போட்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். கப்பல் கரைக்கு வருவதற்கு முன்பே பயணிகளின் பெயர்ப் பட்டியல் அந்த ஊர்க் குடிநுழைவு அதிகாரிகளுக்குப் போய்விடுகிறது. மொத்தக் கப்பலுக்கும் சேர்த்து அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். நாம் காலையில் இறங்கி மாலையில் அதே கப்பலில் ஏறுகிற ஆட்கள், அதனால் ஒவ்வொருவராக நிறுத்திச் சாப்பு குத்துவதில்லை. சில வழித்தடங்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்களாம். அப்படி வாங்கிக்கொண்டால் பயப்படாதே. ஆனால் முன்பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்.

பாப்பா விமானத்தில் சிங்கப்பூரில் வந்து இறங்கும்போதும் சாப்பு இருக்காது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் 2021இலிருந்து சாப்புக்குப் பதில் ஈ-பாஸ்தான், மின்னஞ்சலில் வந்துவிடும். நீங்கள் அடுத்து போக நினைக்கும் ஐரோப்பாவிலும் 2025 அக்டோபரிலிருந்து முகத்தையும் கைரேகையையும் பதிவு செய்கிற முறையைக் கொண்டுவந்து, சாப்பைக் கைவிட்டு வருகிறார்கள். உலகம் முழுக்கவே அது மறைந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம். கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவை எந்தப் பேத்தி தடவிப் பார்க்கப் போகிறாள்?

கப்பல் நிற்கும் ஊர்களில் எங்கேயாவது கவுண்டரில் ஆள் இருந்து, வரிசையும் இல்லாமல் இருந்தால், பாப்பாவையே கேட்க வை. குழந்தை கேட்டால் சில பேர் மனசு இரங்குவார்கள். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடைகளிலும் காட்சிக்கூடங்களிலும் சுற்றுலாக்காரர்களுக்காக அழகழகான சாப்புகள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைக்கூட அவள் பாஸ்போர்ட்டில் குத்த விடாதே. அது அரசாங்கப் பத்திரம். அதிகாரி அல்லாத ஒருவர் குத்திய சாப்பு அதில் இருந்தால், பிற்பாடு ஏதாவது ஒரு நாட்டு எல்லையில் பாஸ்போர்ட் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடலாம்.

அந்த மாதிரி சாப்புகளுக்கென்று தேக்காவில் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கெட்டி அட்டை, கோடு போடாத தாள். முதல் பக்கத்தில் தாத்தாவின் இரண்டு சாப்புகளையும் நகல் எடுத்து ஒட்டி, கீழே 'நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் என் பினாங்குக் கப்பல் சீட்டு. மூன்றாம் பக்கத்திலிருந்து எல்லாம் அவளுக்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும் அவளே தேதி போட்டு, கப்பலை வரையட்டும். அசல் பாஸ்போர்ட்டையும் காட்டுவேன், கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று இப்போதே சொல்லி வை.

சிங்கப்பூர் வருகை அட்டையை மறந்துவிடாதே. இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வரும்போது மறுபடியும் ஒரு தடவை நிரப்ப வேண்டும், உனக்கும் சேர்த்து. அப்புறம், பாப்பாவின் பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறதா? குழந்தைகளுக்கு ஐந்து வருஷம்தானே கொடுக்கிறார்கள். இன்றைக்கு ராத்திரியே எடுத்துப் பார்த்து எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா