நடுராத்திரி ஒன்றரைக்கு முழித்திருப்பேன்

தண்டையார்பேட்டை,
ஆடி வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலிருந்து பேசும்போது, விக்கா என்கிற மேல்நாட்டு வழிபாட்டைப் பழகுகிறேன் என்று நீ சொன்னதும் நான் பேச்சில்லாமல் போனேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, பயம். 'விட்ச்' என்று நீ சொன்னது என் காதில் 'சூனியம்' என்றுதான் விழுந்தது. உன் தாத்தா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, யாரோ வைத்துவிட்டார்கள் என்று ஒருவன் வந்து சொன்னான். வாசலைத் தோண்டி ஒரு தகட்டை எடுத்துக் காட்டி, ஆயாவின் கம்மலை வாங்கிக்கொண்டு போனான். அடுத்த மாதமே தாத்தா போய்விட்டார். வைத்தது பக்கத்து வீட்டுக்காரி என்று அவன் சொல்லியிருந்ததால், ஆயா கண்ணை மூடும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்மலைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். நீ பிடித்திருப்பது அது இல்லை என்று புரிந்தது. இங்கிலாந்தில் சூனியச் சட்டத்தை 1951-இல் நீக்கிய பிறகு, ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் 1954-இல் வெளிப்படையாக எழுதியதிலிருந்து பரவிய வழி. அவர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும், அப்புறம் மலாயா ரப்பர் தோட்டத்திலும் வேலை பார்த்தவராம். நம் சனங்கள் கொழுந்து பறித்த, பால் வெட்டிய ஊர்கள். பூசையில் சொல்கிற வாசகங்கள் பலவற்றுக்கு அழகு சேர்த்தவர் டோரீன் வேலியன்டே என்கிற பெண். ஆயிரமாயிரம் வருடமாக அப்படியே வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. புதியதாக இருப்பது குற்றமில்லை. கையில் இருப்பது என்ன என்று தெரிந்து பிடித்துக்கொள், அவ்வளவுதான்.

தனியாகச் செய்தால் செல்லுமா என்று கேட்டாய். கார்ட்னர் வழியில் குழுவும் தீட்சையும் வேண்டும். ஆனால் ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் தனியாள்களுக்கென்றே 1988-இல் எழுதி, உன்னை நீயே அர்ப்பணித்துக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டார். ஆகவே தீட்சை தருகிறேன், பணம் கொடு என்று எவன் வந்தாலும் கதவைச் சாத்து. பழைய குழுக்களே தீட்சைக்குக் காசு வாங்கக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று தனியாகக் கூப்பிடுகிறவன் இன்னும் ஆபத்து.

பூசைக்கென்று கத்தி, கிண்ணம், கோல் எல்லாம் இப்போதே வாங்காதே. முதலில் நிலவைப் பார். அவர்களுக்குப் பௌர்ணமிதான் பூசை நாள், வருடத்துக்குப் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. உனக்கு இது புதிதா? எட்டு வயதில் பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்த ஒரு நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் நம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலும் உன்னை இழுத்துக்கொண்டு போனேனே. கடைசி பஸ்ஸில் என் மடியில் தூங்கிப்போனாய். இச்சை, ஞானம், கிரியை என்று நாம் மூன்றாகக் கும்பிடுகிறோம். அவர்கள் கன்னி, தாய், கிழவி என்று மூன்றாகப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நிலவைப் பார்த்துக் கைகூப்ப உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பூசைக்கென்று வட்டம் போடும்போது அவர்களும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள், கவனித்தாயா? திசையில்தான் நான் தடுமாறினேன். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு திசை என்று பிரித்து, தண்ணீருக்கு மேற்கு என்று வைத்திருக்கிறார்கள். காசிமேட்டில் பிறந்தவளுக்குக் கடல் கிழக்கில் அல்லவா? இருக்கட்டும், நீ இருக்கிற மண்ணை வைத்துச் செய். வருடத்தில் அவர்கள் கொண்டாடுகிற எட்டுப் பண்டிகையும் அப்படித்தான். ஆகஸ்ட் 1 அவர்களுக்கு முதல் அறுவடை. இங்கே ஆடிப்பட்டம், விதைக்கிற காலம். டிசம்பர் 21-ஐ இங்கே இருந்திருந்தால் நீ கவனித்தே இருக்கமாட்டாய். லீட்ஸில் நாலு மணிக்கே இருட்டுகிறது என்று அழுதாயே, சூரியன் திரும்புகிற அந்த நாள் உனக்கு அங்கேதான் புரியும்.

ஒவ்வொரு முறையும் என்ன செய்தாய், என்ன தோன்றியது என்று நோட்டில் எழுது. நடக்காததையும் எழுது. யாருக்கும் தீங்கில்லாதவரை உன் விருப்பப்படி செய் என்பது அவர்கள் விதி. ஒருவன் மனதைத் திருப்பச் செய்வதும் தீங்குதான் பாப்பா. உனக்கு நேர்ந்தது எனக்குத் தெரியும், அவனைத் திரும்ப வரவழைக்க இதில் இறங்காதே.

மெழுகுவர்த்தியைத் திரைச்சீலை பக்கம் வைக்காதே, எரியவிட்டுத் தூங்காதே. மக்வர்ட் என்று ஒரு செடி சொன்னாய், அது நம் மரிக்கொழுந்துக்குச் சொந்தக்காரச் செடிதான். வாசனைக்கு வைத்துக்கொள், கஷாயம் போட்டுக் குடிக்காதே.

அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்கிறேன். கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு உன் பங்கை வாங்கி எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

வருகிற பௌர்ணமிக்கு உன் ஜன்னலில் நிலவு ஏறியதும் கூப்பிடு. உனக்கு ஒன்பது மணி என்றால் எனக்கு நடுராத்திரி ஒன்றரை. மொட்டைமாடியில் பாய் போட்டு முழித்திருப்பேன். நீ அங்கே என்ன செய்கிறாயோ அதைச் செய், போனை மட்டும் வைத்துவிடாதே.

அம்மா