லீவர் எந்தப் பக்கம் நிற்கிறது?

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். துருக்கியிலிருந்து வந்த புத்தம்புது மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, இருபது வருஷம் புழங்கிய பிரௌனிங் சிட்டோரி ஒன்று. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். "அப்புறம் எதுக்கும்மா பழசு?" என்று கேட்டிருக்கிறாய். நல்லவேளை என்னிடம் கேட்டாய். உன் அப்பாவிடம் கேட்டிருந்தால் எது பளபளக்கிறதோ அதை எடுக்கச் சொல்லியிருப்பார்.

துருக்கி என்றதும் உதட்டைப் பிதுக்குகிற ஆள் இல்லை நான். அந்தச் சிட்டோரியே ஒரு காலத்தில் புதிதாக வந்த இறக்குமதிச் சரக்குதானே. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் கடைசியாக வரைந்த சூப்பர்போஸ்டு இரட்டைக்குழல் 1931இல் பெல்ஜியத்து எஃப்.என். ஆலையிலிருந்து வந்தது. மனிதர் 1926லேயே போய்விட்டார், மிச்சத்தை மகன் வால் முடித்தார். கைவேலை அதிகமான அந்தத் துப்பாக்கி கட்டுப்படியாகாமல் போனதும், 1973இல் ஜப்பானில் மிரோக்கு ஆலையில் செய்து சிட்டோரியை இறக்கினார்கள். அமெரிக்கப் பெயர், பெல்ஜிய வேர், ஜப்பான் கை. இன்று அதைப் 'பழைய கம்பெனி' என்கிறோம்.

ஆகவே குழலில் பொறித்த பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். ஸ்டோகரின் ஆட்டோ துப்பாக்கிகள் துருக்கியில்தான் தயாராகின்றன, ஆனால் முதலாளி இத்தாலியின் பெரெட்டா. செக் கம்பெனியான சீசெட் பெயரில் விற்ற இரட்டைக்குழல்கள் துருக்கியின் ஹூலு கூட்டுறவு ஆலையில் பிறந்தவை. அமெரிக்க மாஸ்பெர்க்கின் சில்வர் ரிசர்வ் இரட்டைக்குழலும் துருக்கிதான். பழைய பெயர் என்பதற்காக மட்டும் ஒரு கம்பெனி நிலைத்துவிடாது என்பதற்கு அமெரிக்காவின் ரெமிங்டனே சாட்சி. 1950இல் வந்த 870 பம்ப் துப்பாக்கி கோடிக்கு மேல் விற்றும், அந்தக் கம்பெனி 2018லும் 2020லும் திவாலாகித் துண்டு துண்டாக ஏலம் போயிற்று.

அப்படியானால் பழசுக்கு என்ன மதிப்பு? இதுவரை உன்னிடம் சொல்லாத ஒரு கதையைச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நானும் புதுசு ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். தோளில் வைக்கும் வால்நட் மரக்கட்டை வரிவரியாக அவ்வளவு அழகு. பறக்கும் களிமண் தட்டு 125ஐச் சுடும் போட்டி, நான்காவது சுற்று. முதல் குழல் வெடித்தது, தட்டு தப்பியது, இரண்டாவதை இழுத்தால் 'க்ளிக்'. விதிப்படி காத்திருந்து, திறந்து தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் குத்திய தழும்பே இல்லை. அந்தக் கேப்பைக் குத்தும் ஊசியான மேல்குழல் ஃபயரிங் பின்னின் முனை அரிசி நொய் அளவு உடைந்து உள்ளேயே கிடந்தது. சின்னச் சாமான்தான். ஆனால் இறக்குமதி செய்தவர் அதற்குள் வேறு ஆலைக்கு மாறிவிட்டார். அந்த மாடலுக்கான ஃபயரிங் பின் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு லேத்காரர் கடைந்து கொடுத்தார், முந்நூறு தோட்டா தாங்கியது. இன்னொன்று கடைந்தார். அதுவும் போயிற்று. கடைசியில் அந்த வரிவரிக் கட்டையை அலமாரியில் நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கம்பெனிகளைப் பார். பெரெட்டாவில், திறக்கும்போது குழல் மாட்டிச் சுழலும் இரண்டு பக்கக் குமிழ்களைக் கழற்றி மாற்றலாம். தேய்ந்துபோனால் மயிரிழை பெருத்த அளவில் அடுத்தது போட்டு மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். தேயும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். 1526இல் வெனிஸுக்கு 185 குழல் விற்ற கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடு அது, தேய்மானம் அவர்களுக்குத் தெரியாதா! பிரௌனிங் வேறு வழி: அடியில் அகலம் முழுக்க ஒரு கீல், அடியிலேயே அகலத் தாழ்ப்பாள். உடம்பு சற்று உயரமாகத் தெரியும், ஆனால் லேசில் தளராது. நல்ல பழைய துப்பாக்கியை வாங்கும்போது இந்த ரிப்பேர் வசதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறாய்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது. இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும். அதற்காக இரண்டையும் சேர்த்துப் பற்றவைக்கும்போது கை பழகியிருக்க வேண்டும். விலையைக் குறைக்க முதலில் கைவைக்கிற இடம் அதுதான். ஆனால் ஆலைக்கு ஆலை என்ன, துப்பாக்கிக்குத் துப்பாக்கியே மாறும், அதனால் ஊகம் வேண்டாம். விற்பவர் சம்மதித்தால் 40 கஜத்தில் பெரிய காகிதம் கட்டி, ஒரே புள்ளியைக் குறிவைத்து ஒவ்வொரு குழலிலும் மூன்று மூன்று தோட்டா சுடு. ரவைக் கூட்டத்தின் நடுவைப் பென்சிலால் வட்டமிடு. கீழ்க்குழல் வட்டம் ஒரு சாண் தள்ளி நின்றால் அது புதுசோ பழசோ, வைத்துவிட்டு வா.

அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ வாங்குவதாக இருந்தால் இத்தனை பயமுறுத்த மாட்டேன். பெனெல்லி முறையில் போல்ட்டுக்குள் ஒரு தடித்த ஸ்பிரிங், சுழலும் தலை, அவ்வளவுதான். புதிய ஆலைகள் அதை நன்றாகவே செய்கின்றன. புதிதில் 24 கிராம் ரவை கொண்ட லேசான தோட்டாவைச் சில சமயம் வெளியே தள்ளாது, கனமான தோட்டா கொஞ்சம் சுட்டுப் பழக்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு நாலு தடவை மட்டும் சுடுகிறவனுக்குத் துருக்கி இரட்டைக்குழலே தாராளம். நீ வாரம் இரண்டு நாள் தட்டுச் சுடும் மேடை ஏறுகிறவன். பத்தாயிரம் தோட்டா உனக்கு ஒன்றிரண்டு வருஷக் கணக்கு.

அதனால் என் மனசு சிட்டோரி பக்கம். ஆனால் பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன். இரண்டு குழலும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் கட்டையில் பிடித்து லேசாக உலுக்கு. 'டக் டக்' என்று உள்ளங்கையில் தட்டினால் கீல் தளர்ந்திருக்கிறது. மூடியதும், துப்பாக்கியைத் திறக்கப் பெருவிரலால் தள்ளும் மேல் லீவர் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்க வேண்டும். தேயத் தேய நடுவுக்கு வந்து இடப்பக்கம் தாண்டும். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே நிழல் வளையம் உடைகிறதா என்று பார், உடைந்தால் அங்கே ஒடுக்கு விழுந்திருக்கிறது. கட்டையின் நீளத்தை மறந்துவிடாதே. உன் கை உன் அப்பா கையைப் போல நீளம், தோளில் வைக்கும்போது பெருவிரல் மூக்கில் இடிக்கக் கூடாது.

நீ அனுப்பிய படம் பக்கவாட்டில் எடுத்தது, லீவர் தெரியவில்லை. பின்னாலிருந்து, மேலே நேராக ஒன்று எடுத்து அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா