180 இருக்கை, 200 பயணி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

விமான சேவை முகாமைத்துவம் படிப்பிக்க இந்தத் தவணை எனக்குக் கிடைத்தது எட்டுக் கிழமை. குறிப்பை வாசித்துக்காட்டிப் பரீட்சை வைக்க அது தாராளம். மாணவரை ஆறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கொரு விமானக் கொம்பனியைக் கையில் கொடுத்து நடத்திப் பார் என்றால் காணாது. அந்தக் காணாக்குறையைத் தீர்த்தவர்களுக்கு இந்த மடல்.

வணிகத்தை இப்படி விளையாட்டாகப் படிப்பிப்பது அமெரிக்காவில் 1950களிலேயே தொடங்கிய பழக்கம். எங்களிடம் இருந்தது நான் வீட்டில் கட்டிய ஒரு எக்செல் கோப்பு. விளையாட்டில் ஒரு கிழமை என்றால் கொம்பனிக்கு ஒரு காலாண்டு. எந்த ஊருக்குப் பறப்பது, எத்தனை தடவை, ரிக்கெற் என்ன விலை என்பதெல்லாம் பிள்ளைகள் பாடு. வியாழன் இரவு முடிவை அனுப்பினால் வெள்ளி காலை நட்டக் கணக்கு வரும். (இலாபம் கண்ட குழுக்களும் உண்டு; அவர்களைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை.) தொடக்கத்தில் வாடகைக்கு இரண்டு ஏ320 விமானம் மட்டும். இரண்டேதானா என்று முகம் சுளித்தார்கள். 1979 செப்டெம்பரில் எயார் லங்கா தொடங்கியதும் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707களோடுதான் என்றேன். அடங்கிவிட்டார்கள்.

ஆய்வுகூடத்து அண்ணை, முதல் நன்றி உங்களுக்கு. விமானத்தின் உள்ளே இருப்பதுபோலக் கதிரை அடுக்கித் தாருங்கள் என்றதும் நீங்கள் கேட்டது, "எத்தினை வரிசை சேர்?" அவ்வளவுதான். நடுவில் ஒடுங்கிய பாதை, இரு பக்கமும் மும்மூன்றாக ஆறு வரிசை. பிள்ளைகள் புத்தகப்பையோடு ஏறினார்கள். இரண்டாம் வரிசையில் ஒருத்தி பை வைக்க இடம் தேடி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். விமானம் தரையில் நிற்கும் நேரத்தை 40 நிமிடத்திலிருந்து 25க்குக் குறைக்கலாம் என்று எழுதி வைத்திருந்த குழு, சத்தமில்லாமல் அந்த வரியை வெட்டியது.

அடுத்தது, வங்குரோத்தான மூன்றாம் குழுவின் தலைவனுக்கு. தம்பி, நீங்கள் சென்னைக்கு 45 டொலருக்கு விற்றீர்கள். 180 இருக்கையில் 166 பேர். 92 சதவீத லோட் ஃபக்டர் (இருக்கை நிரம்பிய வீதம்) என்று துள்ளிக் குதித்தீர்கள். ஒரு பறப்புக்கு நான் வைத்திருந்த செலவு 9,000 டொலர். உங்களுக்கு வந்தது 7,470. விமானம்தான் நிரம்புகிறதே என்று பறப்பைக் கூட்டினீர்கள். கூட்டக் கூட்டக் கடன் ஏறியது. நட்டமில்லாமல் பறக்க எத்தனை பேர் வேண்டும் என்று பலகையில் வகுத்துப் பார்த்தபோது 200 வந்தது. வகுப்பே மூச்சுக் காட்டவில்லை. நீதான் கேட்டாய்: "சேர், நூறாம் நம்பர் பஸ் மாதிரி நிண்டுகொண்டு போக விடேலாதோ?" மூன்று பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த பாடம் அந்தச் சிரிப்பில் முடிந்துபோனது.

ஓய்வுபெற்ற பறப்பு இயக்க அதிகாரி ஐயா, ஐந்தாம் சுற்றில் நீங்கள் வந்து 2022ஐ மேசையில் வைத்தீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எரிபொருள் தட்டுப்பட்டு, தூரப் பறக்கும் விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போன காலம். வரும்போதே திரும்பிப் போகவும் சேர்த்து நிரப்பி வந்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். "வரலாம் பிள்ளை. ஆனா சுமக்கிற எண்ணெயும் எண்ணெய் குடிக்கும்" என்றீர்கள். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதையும் நீங்கள் சொல்லித்தான் விளையாட்டில் சேர்த்தேன். உள்ளூரில் ரூபாயில் விற்று, விமான வாடகையை டொலரில் கட்டும் கொம்பனிகள் பட்ட பாட்டில், அன்றிரவு என் தொலைபேசி ஓயவில்லை.

வெள்ளவத்தையில் ரிக்கெற் போடும் அக்கா, பயணப் பொதி என் கோப்பில் இல்லவே இல்லை. "விலை கேக்க முதல் எத்தினை கிலோ எண்டுதான் எங்கட சனம் கேக்கும்" என்று நீங்கள் சொன்ன அன்றே அதற்கொரு நிரல் சேர்ந்தது. நல்லூர்த் திருவிழாக் காலத்து நெரிசலும் உங்கள் உபயம்.

இனி என் பிழை. ஒரு குழுவின் எரிபொருள் கட்டத்தில் டொலரை ரூபாயாக எடுத்துவிட்டேன். இரண்டு கிழமை அவர்கள் ஏறக்குறைய ஓசியில் பறந்து முதலாம் இடத்தில் நின்றார்கள். இரவு பதினொரு மணிக்குச் செய்தி வந்தது: "சேர், எங்களுக்கு எண்ணெய்க் காசு ஏன் இவ்வளவு குறைவு?" அனுப்பியது அதே குழுவைச் சேர்ந்த பிள்ளை. திருத்தியதும் நாலாம் இடத்துக்கு இறங்கினார்கள். மகளே, அதற்குப் பிறகு மற்றக் குழுக்களின் கட்டங்களையும் விடிய விடியச் சரிபார்த்தேன்.

ஐயா, உங்கள் குறிப்புப் புத்தகம் இன்னும் என்னிடம். சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அண்ணை, கதிரையில் நாலு இன்னும் எங்கள் அறையில்தான் கிடக்கிறது. கோவிக்க வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் விரிவுரையாளர்
கொழும்பு