அஞ்சல்தலையில் இட்லி, தோசை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் அஞ்சல் எழுத்தராக வேலை பார்த்தவன். 2017 நவம்பர் 3-ஆம் தேதி அஞ்சல்துறை இந்திய உணவுகளுக்காக 24 அஞ்சல்தலைகளை வெளியிட்டது. முழுத்தொகுப்பையும் அப்போதே வாங்கி ஆல்பத்தில் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். ஒட்டினால் பின்பக்கப் பசை போய்விடும், சேகரிப்பவர்களுக்குத் தெரியும்.

வடாபாவ், டோக்ளா, ஹைதராபாத் பிரியாணி, மோதகம் எல்லாம் அதில் உண்டு. நம் பொங்கலும் இருக்கிறது. போன வாரம் பேத்தியிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், இட்லியும் தோசையும் ஒரே அஞ்சல்தலையில் இருப்பதைக் கண்டதும் நின்றுவிட்டாள். "தாத்தா, இட்லிக்குன்னு தனியா ஒண்ணு கிடையாதா?" என்றாள். எனக்கும் அதே ஆதங்கம்தான். மாவு ஒன்றாக இருக்கலாம். ஆவியில் வேகும் இட்லியும் கல்லில் முறுகும் தோசையும் வேறுவேறு பலகாரங்கள் அல்லவா?

அப்புறம் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய். கரிசல் நிலக்கடலையை வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் தட்டி வெட்டுகிறார்கள். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்ற சட்டபூர்வ அங்கீகாரம், கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதைப் பெற்றுவிட்டன. மூன்றும் அந்த 24-இல் இல்லை.

இரண்டாவது உணவுத்தொகுப்பு ஒன்றை அஞ்சல்துறை வெளியிட வேண்டும். அதில் இந்த மூன்றையும் சேர்க்க வேண்டும், இட்லிக்கும் தனித்தலை தர வேண்டும். வெளியீட்டு நாளன்றே அஞ்சல்தலை ஒட்டி முத்திரையிட்டுத் தரும் முதல்நாள் உறைக்கு இப்போதே பணம் எடுத்துவைத்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர்,
கோவில்பட்டி.