அக்காவின் தூக்கம் பற்றி

அன்புள்ள முருகேசு,

கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்றதும் மகிழ்ச்சி.

அக்காவுக்கு நடுநிசியில் நெஞ்சு படபடத்து விழிப்பு வருகிறது, சிங்கப்பூர் சீன மருந்துக்கடையில் தூக்கத்துக்கான சுவான் ஸாவ் ரென் (சீனக் காட்டு இலந்தையின் விதை) வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. சீன வைத்தியத்தில் தூக்கமின்மை ஒரே நோயல்ல. இரவு 1 முதல் 3 மணி வரை கல்லீரலின் நேரம். அங்கே ரத்தம் குறைந்தால் இதயத்தில் தங்கும் 'ஷென்', அதாவது மனம், நிலைகொள்ளாது என்பது அவர்கள் கணக்கு. உடம்பு அசந்து, மனம் ஓயாமல், தொண்டை வறண்டு, நாக்கு சிவந்திருந்தால் இந்த விதை பொருந்தும். நாக்கில் தடித்த மஞ்சள் படிவு, வாய்க் கசப்பு, வயிற்று மந்தம் என்றால் அது கபச்சூடு. அதற்கு வென் டான் தாங் என்ற கஷாயம். பசியில்லாமல் நாக்கு வெளுத்திருந்தால் குய் பி தாங் என்ற கஷாயம்.

சுவான் ஸாவ் ரென் விதைக் கஷாயம் சாங் சோங்சிங் என்ற பழைய சீன வைத்தியர் காலத்தது, 1,800 ஆண்டுப் பழமை. இன்று கொடுக்கும் அளவு: விதை 15 கிராம், ஃபு லிங் (ஒரு பூஞ்சை), ட்சி மூ, சுவான் சியோங் (இரண்டும் கிழங்கு வகை) தலா 6, அதிமதுரம் 3. விதையை இடித்துப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் தோல் கெட்டி, சத்து இறங்காது. முதலில் விதை மட்டும், எட்டுப் பங்கு நீர் ஆறாகும்வரை. பிறகு மற்றவை சேர்த்து மூன்றாகச் சுண்டவைத்து, மூன்று வேளை இளஞ்சூடாக. சுவான் சியோங்கைக் கூட்டக் கூடாது, காரமானது. விதையில் எண்ணெய் உண்டு, பேதிக்காரருக்கு ஆகாது.

கடையில் கவனம். நம்மூர் இலந்தை விதையையே கலந்து விற்பார்கள். அசலுக்குக் கருஞ்சிவப்பு நிறம், ஒரு பக்கம் தட்டை, அதன் நடுவே நீளவாக்கில் மேடான கோடு. இலந்தை மஞ்சள் கலந்த பழுப்பு, கோடு இராது. 'தியென் வாங் பு சின் தான்' என்ற தூக்க மருந்து உருண்டையைக் கேட்டால், பழைய முறையில் அதற்குச் சாதிலிங்கப் பூச்சு உண்டு. அது பாதரசம், வேண்டாம்.

அக்கா ரத்த அழுத்த மாத்திரையோ, தூக்க மாத்திரையோ, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதே. அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும். தைராய்டும் இதயமும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அதுவரை நெய்குவான் என்ற அழுத்தப் புள்ளி போதும்: கையின் உள்பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரலகலம், இரு தசைநாண்களுக்கு நடுவே. படுக்குமுன் இரு கையிலும் இரண்டிரண்டு நிமிடம், வலிக்காத அழுத்தம்.

அடுத்த கடிதத்தில் நாக்கின் நிறம் எழுது. காலையில் காப்பிக்கு முன் பார்க்கச் சொல். காப்பி குடித்தபின் எல்லார் நாக்கும் மஞ்சள்தான்.

அன்புடன்,
கணேசன்