டிஸ்சார்ஜ் சம்மரியில் மூச்சுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இயன்முறை மருத்துவர்கள். நிமோனியா, செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் கடும் நிலை) என்று ஐ.சி.யூ.வில் கிடந்து மீண்டவர்களை மறுபடி நடக்கவைப்பது எங்கள் வேலை. அவர்கள் கொண்டுபோகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரை இருக்கிறது, வேளை இருக்கிறது, மறுபடி வரவேண்டிய தேதி இருக்கிறது. குளியலறைவரை நடந்தாலே மேல்மூச்சு வாங்குகிறதே, அதற்கு என்ன செய்வது என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர்க்கக் கேட்டுத்தான் இந்த மடல்.

எக்ஸ்ரே தெளிந்த பிறகும் இரைத்தால், "எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பயமும் மூச்சிரைப்பைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் காலில் இருக்கிறது. கடும் நோயில் படுத்திருக்கும் முதல் 10 நாளிலேயே தொடைத் தசை ஆறில் ஒரு பங்குவரை கரைந்துவிடலாம். வென்டிலேட்டர் மூச்சுவிட உதவிய நாட்களில், நுரையீரலுக்குக் கீழே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானமும் மெலிகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே கூடுதல் மூச்சைக் கேட்கும். இரைக்கிறதே என்று படுத்தேயிருந்தால் தசை இன்னும் கரையும், இரைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

பல மருத்துவமனைகளில் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கொடுத்தனுப்புகிறார்கள். செய்துகாட்டாததால் பலர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டிய கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். மூன்று பந்தையும் வெடுக்கென்று தூக்கிவிட்டால் சாதித்ததுபோல் இருக்கும், பலன் குறைவு. ஒரு பந்தையோ இரண்டையோ 3 விநாடி மேலேயே நிறுத்தி வைப்பதுதான் பயிற்சி. 5 முறைக்குப் பிறகு சற்று ஓய்வு. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். இதை மட்டும் செய்துவிட்டுக் கட்டிலுக்குப் போனால் கால் தேறாது.

காலுக்கு நடைதான். முதலில் சமதளத்தில் 2, 3 நிமிடம், நாளில் நான்கைந்து முறை. தாங்கினால் சில நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டலாம். கூடவே நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், 5 முறை. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. மூச்சிரைப்பை 0 (இரைப்பே இல்லை) முதல் 10 (தாங்கவே முடியாதது) வரை அளந்தால் 3, 4-இல் நிற்க வேண்டும்; ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான அளவு. மறுநாள் எழவே முடியாமல் அசந்துபோனால் முந்தைய நாள் செய்தது அதிகம், பாதியாகக் குறைக்க வேண்டும்.

இரைப்பு வந்துவிட்டால் உட்கார்ந்து முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தோளைத் தளர்த்த வேண்டும். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, அகல் விளக்கின் சுடரை அணைக்காமல் அசைப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். முகத்துக்கு நேரே பனையோலை விசிறியால் வீசினாலும் தவிப்பு குறையும்.

குந்தி உட்காரும் கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதித் தருவதில்லை. தொடை வயிற்றை அழுத்த உதரவிதானம் இறங்க இடமில்லை, முக்கும்போது மூச்சு அடங்குகிறது, எழ முழங்காலில் பலமில்லை. பலர் அங்கேதான் தடுமாறி விழுகிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு கமோடு நாற்காலியும், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் போதும்.

பத்தியம் என்று கஞ்சியோடும் ரசம் சாதத்தோடும் நிறுத்திவிட்டால் தசை வளராது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். பருப்பு, சுண்டல், மீன், தயிர் எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு.

திடீரென்று கூடும் இரைப்பு, நெஞ்சுவலி, சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை ரத்தக்கட்டியின் அடையாளமாக இருக்கலாம். உடனே 108. ஓய்விலேயே ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் கருவி) 92-க்குக் கீழே காட்டினாலும் அப்படியே. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்களின் அளவு வேறு, அதை மருத்துவர் எழுதித்தர வேண்டும். கறுத்த தோலில் சில கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்பதால், எண் நன்றாக இருக்கிறதே என்று உதடு நீலம் பாய்வதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

எங்கள் கோரிக்கைக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஐ.சி.யூ.விலிருந்து மீண்டவரின் பெயரும் ஊரும் டிஸ்சார்ஜ் அன்றே அந்த ஒன்றியத்துக்குப் போய்ச்சேரட்டும். முதல் வாரத்திலேயே ஒருவர் வீட்டுக்குப் போகட்டும். அனுப்பும் முன் விரலில் ஆக்ஸிமீட்டரோடு ஒரு நிமிடம் எழுந்து உட்காரச் செய்து பாருங்கள்; எண் 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் காரணம் தேடிய பிறகு அனுப்புங்கள். மேலே சொன்னவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, உடனிருப்பவரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் செய்துகாட்டுங்கள். நோயாளி திருப்பிச் செய்துகாட்டிய பிறகே அந்தத் தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள் சிலர்